தேய்க்கும் ஊசி: மைசூர் மன்னரின் இசைத்தட்டுகளும் டர்ன்டேபிள் தேர்வும்

1950 மே 22 அன்று இலண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் ரிச்சர்டு ஷ்ட்ராவுஸின் ‘நான்கு இறுதிப் பாடல்கள்’ முதன்முறையாக அரங்கேறின. பாடியவர் கிர்ஸ்டன் ஃபிளாக்ஸ்டாட். இசைக்குழுவை நடத்தியவர் வில்ஹெல்ம் ஃபூர்ட்வெங்லர். இயற்றியவர் அதற்கு எட்டு மாதங்களுக்கு முன்பே மறைந்திருந்தார். நிகழ்ச்சியின் நிதிப் பொறுப்பை ஏற்றவர், அந்நாளில் மைசூரின் ராஜப்பிரமுகராக இருந்த ஜெயசாமராஜேந்திர உடையார். அவரால் இலண்டன் செல்ல இயலவில்லை. அவருடைய சேகரிப்புக்காக அந்நிகழ்ச்சி அசிட்டேட் தட்டுகளில் பதிவாயிற்று. பல்லாண்டுகள் கழித்து அப்பதிவை நெடுந்தட்டாக வெளியிட முனைந்தபோது, மூலத் தட்டுகள் மோசமாகத் தேய்ந்துபோயிருந்தன. இன்று அந்த அரங்கேற்றத்தைக் கேட்போர் இசையோடு அந்தத் தேய்மானத்தையும் சேர்த்தே கேட்கின்றனர்.

உடையார் (1919–1974) வெறும் புரவலர் அல்லர். ‘ஸ்ரீவித்யா’ முத்திரையுடன் 94 கர்நாடக இசைக் கீர்த்தனைகளை இயற்றியவர். மேற்கத்திய இசையிலும் தேர்ச்சி பெற்றவர். இலண்டனில் வறுமையில் வாழ்ந்த ருஷ்ய இசையமைப்பாளர் நிக்கொலாய் மெட்னரின் படைப்புகள் அவருடைய பியானோ வாசிப்பிலேயே 1940களின் இறுதியில் பதிவாவதற்கு உடையாரின் கொடையே காரணம். அவரிடம் ஏறத்தாழ 20,000 இசைத்தட்டுகள் இருந்ததாக மதிப்பிடப்பட்டது. 1948இல் மைசூருக்கு வந்த ஒலிப்பதிவுத் தயாரிப்பாளர் வால்டர் லெக், அரண்மனையின் தட்டு நூலகத்தையும் அங்கிருந்த பலவகை ஒலிபெருக்கிகளையும் வியந்து குறிப்பிட்டுள்ளார். நல்ல தட்டுக்கு நல்ல கருவி வேண்டும் என்ற உணர்வு அந்த அரண்மனையில் இருந்தது என்பதற்கு இக்குறிப்பே சான்று.

கருவியின் தரம் ஒலியின் இனிமையோடு முடிந்துவிடுவதில்லை. தட்டை ஒலிக்கச் செய்யும் ஊசியே அதைத் தேய்ப்பதும் ஆகும். 78 சுற்றுத் தட்டுகள் அரக்கோடு கற்பொடி கலந்து செய்யப்பட்டவை. எஃகு ஊசியின் முனையைக் கற்பொடி உராய்ந்து, வரிப்பள்ளத்துக்கு ஏற்ப வடிவமைக்கும். அதனால்தான் ஒவ்வொரு பக்கத்துக்கும் புது ஊசி மாற்றவேண்டியிருந்தது. சாவி கொடுத்து இயக்கும் கிராமபோனின் ஒலிப்பெட்டி நூறு கிராமுக்கு மேற்பட்ட எடையுடன் தட்டின் மீது அமர்ந்தது. அரக்குத் தட்டே அந்த எடையில் தேய்ந்ததென்றால், அலுமினியத் தகட்டின் மீது மென்பூச்சு மட்டுமே கொண்ட அசிட்டேட் தட்டின் கதி என்னவாகும்? சில முறை கேட்பதற்கே அது தாங்கும்.

1948இல் அமெரிக்கக் கொலம்பியா நிறுவனம் வினைல் நெடுந்தட்டை அறிமுகப்படுத்தியது. வரிப்பள்ளம் குறுகியது, சுற்று வேகம் நிமிடத்துக்கு 33⅓ ஆகக் குறைந்தது. 78க்குரிய ஊசிமுனையின் ஆரம் ஏறத்தாழ 75 மைக்ரான். நெடுந்தட்டுக்கு 25 மைக்ரானோ அதற்கும் குறைவோ. ஒன்றுக்குரிய ஊசியை மற்றொன்றில் வைத்தால், நெடுந்தட்டின் வரி சிதையும். 78இன் பள்ளத்திலோ நுண்ணூசி அடித்தளத்தில் உரசி இரைச்சலையே எழுப்பும். இன்றைய நல்ல கார்ட்ரிட்ஜ்கள் பெரும்பாலும் 1.5 முதல் 2.5 கிராம் வரையிலான அழுத்தத்தில் இயங்குகின்றன. மிகக் குறைந்த அழுத்தமும் தீங்கே: பிடிப்பற்ற ஊசி துள்ளித் துள்ளிப் பள்ளத்தின் சுவர்களைச் சேதப்படுத்தும்.

இசை ஆய்வாளருக்கு அழுத்தத்தைவிட முதன்மையான கேள்வி வேகம். 1902இல் கல்கத்தாவில் பாடிப் பதிவு செய்த கௌஹர் ஜான், 1928இல் மைசூர் அரசவைக்கு வந்து 1930இல் அங்கேயே மறைந்தார். அவர் காலத்துத் தட்டுகள் பல ‘78’ எனப் பொதுவாக அழைக்கப்பட்டாலும், அவற்றின் பதிவு வேகம் சீரானதன்று. 74 சுற்றில் பதிவான தட்டை 78இல் சுழற்றினால் வேகம் ஐந்து விழுக்காட்டுக்கு மேல் கூடும், சுருதி ஏறத்தாழ அரைக் கட்டை உயரும், காலப்பிரமாணமும் விரையும். பாடகர் எந்தக் கட்டையில் பாடினார், எவ்வளவு விரைவாகப் பாடினார் என்ற முடிவுகளைத் தட்டிலிருந்து பெறும் ஆய்வு, உண்மையில் டர்ன்டேபிளின் வேகத்தை அளந்துகொண்டிருக்கக்கூடும்.

உடையார் 1974இல் தம் பெங்களூர் அரண்மனையில் மறைந்தார். அதே நகரில், சிக்பேட்டையின் ஞாயிற்றுச் சந்தையில், பழம்பொருள்களுக்கு இடையே இன்றும் இசைத்தட்டுகள் கிடைக்கின்றன. அவற்றை வீட்டுக்குக் கொண்டுசெல்பவர் கருவி வாங்கும்போது பார்க்கவேண்டியவை சிலவே: ஊசியழுத்தத்தை மாற்றும் எதிர்எடை, கழற்றி மாற்றத்தக்க கார்ட்ரிட்ஜ், 78 சுற்று வசதி, வேகத்தை நுட்பமாகக் கூட்டவும் குறைக்கவும் இயலும் அமைப்பு. தட்டைச் சுழற்றுவது பெல்ட்டா, நேரடி மோட்டாரா என்னும் விவாதம் இவற்றுக்குப் பின்னரே வரவேண்டும். மலிவான பெட்டி வகைக் கருவிகளில் பெரும்பாலும் எதிர்எடை இருப்பதில்லை, அழுத்தம் மிகுதி, அதைக் குறைக்க வழியுமில்லை. மறுபதிப்புக் காணும் புதிய தட்டு தேய்ந்தால் இன்னொன்று வாங்கலாம். எஞ்சியிருக்கும் ஒரே படியைத் தேய்ப்பவர் மூலத்தையே அழிக்கிறார்.

ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பப் பேசுபவரைக் ‘கீறல் விழுந்த ரிக்கார்டு’ என்று தமிழ் இன்றும் கேலி செய்கிறது. இசைத்தட்டையே கண்டிராத தலைமுறையும் அத்தொடரைக் கையாள்கிறது. மொழி சேதத்தை நினைவில் வைத்திருக்கிறது. பாட்டை நினைவில் வைத்திருக்கும் பொறுப்பு தட்டுக்குரியது. அதைத் தாங்கும் காலத்தை முடிவு செய்வது, அதன் மீது எந்த ஊசி, எந்த எடையில் இறக்கப்படுகிறது என்பதே.