உரால் முதல் ஊவா வரை

ரஷ்யாவின் உரால் மலைப்பகுதியில், அஸ்பெஸ்ட் நகரத்துச் சுரங்கத்தில் பாறையை உடைத்துப் பிரித்தெடுப்பது கிரிசோடைல் என்ற வெள்ளைக் கல்நார். இலங்கை வாங்கும் கல்நாரில் பெரும்பங்கு ரஷ்யாவுடையது.

இந்த வரவைக் குறைக்கக் கொழும்பு ஒருமுறை துணிந்தது. 2018 ஜனவரி முதல் இறக்குமதியைக் கட்டுப்படுத்தப்போவதாக அறிவித்தது. 2017 டிசம்பரில், பொதியொன்றில் வண்டு இருந்ததென்று சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலையைத் தடுத்தது. கல்நார்க் கட்டுப்பாடு பின்வாங்கப்பட்டது. மாதம் முடியுமுன் தேயிலைத் தடையும் நீங்கியது. கொழுந்து போகும் திசையிலிருந்தே நார் வருகிறது.

அந்த நார் ஆலையில் சீமெந்தோடு குழைந்து நெளிதகடாகி, லொறியேறி, ஊவாவின் பதுளை, பசறை, ஹப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்களில் துருப்பிடித்த தகரத்தின் இடத்தைப் பிடிக்கிறது. அசையாமல் கிடக்கும்வரை சீமெந்து நாரைப் பிடித்து வைத்திருக்கும். அறுத்தால், துளையிட்டால், பாசி போகத் தேய்த்தால், காற்றில் பறந்து உடைந்தால் பிடி விடும். கண்ணுக்குத் தெரியாத தூசி மூச்சில் ஏறும். சில இழைகள் நுரையீரலைப் போர்த்திய சவ்வுவரை போய்விடும்.

அங்கே காவல் கலங்கள் நீண்ட இழையை விழுங்க முடியாமல் திணறுகின்றன. அழற்சி ஆண்டுக்கணக்கில் நீடித்து டிஎன்ஏயைச் சேதப்படுத்துகிறது. கலம் பிரியும்போது இழை குறுக்கிட்டால் நிறமூர்த்தங்கள் சரியாகப் பங்காவதில்லை. மீசோதெலியோமா என்ற சவ்வுப் புற்றுநோயில் அடிக்கடி தொலைந்துபோவன மூன்று துண்டுகள்: 3ஆம் நிறமூர்த்தத்தில் பிஏபி1, 9இல் சிடிகேஎன்2ஏ, 22இல் என்எஃப்2 மரபணுக்கள் இருக்கும் பகுதிகள். மூன்றும் கட்டி வளராமல் தடுப்பவை. ஒரே கட்டியின் பல இடங்களில் மாதிரி எடுத்து ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வொன்றில், 3இன் இழப்பு தொடக்கத்திலும் 22இன் இழப்பு பிந்தியும் நேரும் போக்குத் தெரிந்தது. ஒரு கட்டிக்குள்ளேயே எல்லாக் கலமும் ஒன்றல்ல. முந்திய இழப்பை எல்லாம் சுமக்கின்றன, பிந்தியதைச் சில மட்டுமே சுமக்கக்கூடும்.

முதல் தூசிக்கும் நோய்க்கும் நடுவே பொதுவாக 20 முதல் 50 ஆண்டுகள். லயத்துக் கூரையை வெட்டிய இளைஞர் நெஞ்சில் நீர் கோர்த்து வரும்போது பேரப்பிள்ளை எடுத்திருப்பார். தகடு நினைவில் இருக்காது. ஆகவே தகட்டைத் தொட நேர்ந்தால் தண்ணீர் ஊற்றி நனைத்துவிட்டுத் தொட வேண்டும், மின்வாள் கூடாது. மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் இன்றைய தொழிலோடு, வாலிபத்தில் பார்த்த கூரை வேலையையும் டொக்டரிடம் சொல்ல வேண்டும்.