விளையாட்டுக் காயச் சிகிச்சையில் இயன்முறை மருத்துவர்களின் தொடர்கல்வி

விளையாட்டில் அடிபட்டவரைத் திரும்பக் களத்தில் இறங்கும் நிலைக்குக் கொண்டுவருவது இயன்முறை மருத்துவரின் (பிசியோதெரபிஸ்ட்) பணிகளில் ஒன்று. பட்டம் பெற்று வேலையில் சேர்ந்த பிறகு அந்தப் பணிக்கான அறிவையும் கைத்திறனையும் புதுப்பித்துக்கொள்ள அவர் பெறும் பயிற்சியே தொடர்கல்வி. பயிலரங்கு, மாநாடு, இணையவழி வகுப்பு, அணியோடு இருந்து மூத்தவரிடம் கற்பது என அது பல வடிவங்களில் நடக்கிறது. குலசேகரன்பட்டினம், உடன்குடி, திருச்செந்தூர் வட்டாரத்தில் அதன் தேவையும் தெரியும், தட்டுப்பாடும் தெரியும்.

இது கபடியும் கைப்பந்தும் ஊறிய மண். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடிய மணத்தி கணேசன் தூத்துக்குடி மாவட்டத்துக்காரர். அர்ஜுனா விருது பெற்றவர். இதே மாவட்டத்தின் கோவில்பட்டி ஹாக்கிக்குப் பேர்போனது. திருச்செந்தூரில் டாக்டர் சிவந்தி ஆதித்தனார் உடற்கல்வியியல் கல்லூரி இருக்கிறது. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவில் வேடமிட்டவர்கள் குழுவாக ஊர் ஊராக ஆடி வருவதை யாரும் விளையாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. கனத்த கிரீடத்தோடு வெறுங்காலில் ஆடும் காளி வேடக்காரரின் கணுக்கால் அந்த வேறுபாட்டை அறியாது.

படித்தது எவ்வளவு விரைவில் பழசாகும் என்பதற்குச் சுளுக்கின் முதலுதவியே சாட்சி. அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின் 1978இல் ஆங்கில முதலெழுத்துகளால் பெயர்பெற்ற ‘ரைஸ்’ முறையை முன்வைத்தார்: ஓய்வு, ஐஸ், அழுத்தக் கட்டு, காலை உயர்த்தி வைத்தல். 2012இல் வந்த ‘போலீஸ்’ முறை முழு ஓய்வைத் தள்ளிவிட்டு, அளவான பாரத்தை உள்ளே கொண்டுவந்தது. 2019இல் வெளியான ‘பீஸ் அண்ட் லவ்’ ஐஸையும் வீக்கம் குறைக்கும் மாத்திரைகளையுமே கேள்விக்கு உட்படுத்தியது. ஐஸ் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று மிர்கினே பின்னாளில் எழுதினார். அடிபட்ட அன்றே சூடான எண்ணெய் தேய்த்து அழுத்தி நீவும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. உள்ளே ரத்தம் கசியும் நேரத்தில் அது வீக்கத்தைக் கூட்டும் என்று வீட்டாருக்குப் பக்குவமாகச் சொல்வதும் கற்க வேண்டிய திறன்தான்.

எக்ஸ்ரே எடுக்க வெளியூர் போகவேண்டிய இடத்தில் பெரிதும் உதவுவது ஒட்டாவா கணுக்கால் விதி. 1992இல் கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் இதை வெளியிட்டார்கள். கணுக்காலின் இரு பக்க எலும்பு முட்டுகளின் பின்விளிம்பில் கீழ் 6 செ.மீ. அளவுக்கோ முட்டின் நுனியிலோ அழுத்தினால் வலிக்கிறதா, அடிபட்ட உடனேயும் பரிசோதனையின்போதும் நான்கு எட்டு வைக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். பாதத்தின் நடுப்பகுதியில் வலி என்றால் சுண்டுவிரல் பக்க எலும்பின் அடியையும் உள்பக்கப் படகெலும்பையும் அழுத்திப் பார்ப்பார்கள். எதிலும் வலியில்லை, நடக்கவும் முடிகிறது என்றால் எலும்பு முறிவு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, எக்ஸ்ரே தேவைப்படாது. கருவி எதுவும் வேண்டாம். ஆனால் விரலை எங்கே வைப்பது என்பதைக் காணொளி பார்த்துப் பழக முடியாது.

இதைவிடக் கடினமானது முழங்கால். ‘ஜவ்வு கிழிஞ்சிட்டு’ என்று வரும் கபடி வீரருக்குப் பெரும்பாலும் முன்பக்கச் சிலுவைத் தசைநார் அறுந்திருக்கும். அறுவைக்குப் பின் ஐந்தாறு மாதத்தில் வலி போய்விடும், ஓடவும் முடியும். ஊர்க்கோயில் கொடையும் போட்டியும் அழைக்கும். 2016இல் வெளியான டெலவேர்–ஆஸ்லோ ஆய்வின்படி, ஒன்பதாம் மாதம் வரை ஆட்டத்தைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாய விகிதம் ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது. தொடையின் முன்தசை மறுகாலின் வலுவில் 90 விழுக்காட்டையாவது எட்டியிருக்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவுகோல். ‘இன்னும் இல்லை’ என்று பயிற்சியாளரிடம் சொல்லும் துணிச்சலுக்கு இத்தகைய எண்கள் கையில் இருக்க வேண்டும்.

பயிலரங்குச் சந்தையோ வேறு திசையில் போகிறது. வார இறுதியில் சான்றிதழ் தரும் வகுப்புகளில் வண்ண டேப் ஒட்டுதல், மருந்தின்றித் தசையில் குத்தும் உலர் ஊசி, குப்பி வைத்து உறிஞ்சும் கப்பிங் ஆகியவற்றுக்கே கூட்டம். 1970களில் ஜப்பானின் கென்சோ காசே உருவாக்கிய டேப், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் கண்ணில் பட்டு உலகெங்கும் பரவியது. அதன் பலனுக்கான சான்றுகள் இன்றும் மெலிந்தவையே. படிப்படியாகப் பாரம் ஏற்றும் உடற்பயிற்சிக்குச் சான்று வலுவானது, கவர்ச்சி குறைவு. சென்னையில் நடக்கும் வகுப்புக்கு இங்கிருந்து 600 கிலோமீட்டருக்கு மேல். செந்தூர் எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகளைக் கழித்துக் கற்றுவருவது ஒட்டும் வித்தை மட்டும் என்றால் அந்தச் செலவு வீண்.

ஆஸ்திரேலியாவில் இயன்முறை மருத்துவர் தம் பதிவைத் தக்கவைக்க ஆண்டுக்கு 20 மணி நேரத் தொடர்கல்வி கட்டாயம். அமெரிக்காவில் விளையாட்டு இயன்முறை மருத்துவம் 1980களிலிருந்தே தனிச் சிறப்புத் தகுதி. பத்தாண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். இந்திய இயன்முறை மருத்துவர் சங்கம் 1955இலேயே தொடங்கிவிட்டாலும், நாடு முழுமைக்குமான சட்டம் 2021இல்தான் வந்தது: தேசிய இணை மற்றும் சுகாதாரப் பணியாளர் ஆணையச் சட்டம். மத்திய, மாநிலப் பதிவேடுகளுக்கு அது வழிசெய்தது. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் நாலரை ஆண்டாக இருந்துவந்த இளநிலைப் பட்டமான பி.பி.டி. படிப்புக்கு, 2025இல் ஆணையம் ஓராண்டுப் பயிற்சிப் பணியோடு சேர்த்து ஐந்தாண்டுப் பாடத்திட்டம் வகுத்தது. விளையாட்டுப் பிரிவில் ஆழ்ந்து படிக்க விரும்புவோருக்கு இரண்டு ஆண்டு முதுநிலைப் பட்டமான எம்.பி.டி. உண்டு.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இயன்முறை மருத்துவரை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. அதில் பணியாற்றுவோரின் கைக்கு வருபவர்கள் பெரும்பாலும் படுக்கையில் இருப்போரும் முதியோரும்தான். கபடிக்காரரின் முழங்கால் அரிது. அரிதாக வருவதற்குப் பழகிக்கொள்ள ஒரு வழி, உள்ளூர்ப் போட்டிகளில் களத்தோரம் நின்று பணிசெய்வது. படிக்க, சிட்னியிலிருந்து 1999 முதல் இயங்கும் ‘பெட்ரோ’ ஆய்வுத் தரவுத்தளம் இலவசம். அதன் பக்கங்கள் தமிழிலும் கிடைக்கின்றன.