தாது அச்சமும் மனநல மருத்துவமும்: என். என். விக் வகுத்த சிகிச்சை வழியின் வரலாறு

“சிறுநீரோடு தாது போகிறது டாக்டர். உடம்பு இளைத்துக்கொண்டே வருகிறது. கைகால் ஓய்ந்துபோகிறது, படித்தது மனத்தில் தங்குவதில்லை, கல்யாணப் பேச்சை எடுத்தாலே பயமாக இருக்கிறது.” இந்த முறையீட்டோடு ஓர் இளைஞர் வந்தால் அவரை எந்தப் பிரிவுக்கு அனுப்புவது? பால்வினை நோய்ப் பிரிவில் தொற்று இல்லை என்பார்கள். சிறுநீரகப் பிரிவில் சிறுநீர் சுத்தமாக இருக்கிறது என்பார்கள். இரண்டு இடத்திலும் ‘உமக்கு ஒன்றுமில்லை’ என்ற பதிலோடு வெளியே வருபவர், அடுத்ததாக லாட்ஜில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் வைத்தியரைத் தேடிப் போவார்.

1960இல் நரேந்திர நாத் விக் என்ற மனநல மருத்துவர், இந்தியாவின் மனநலச் சிக்கல்கள் குறித்த தம் கட்டுரையில் இந்த அறிகுறித் தொகுப்புக்கு ‘தாத் சின்ட்ரோம்’ என்று பெயர் சூட்டினார். சோர்வு, பலவீனம், பதற்றம், பசியின்மை, குற்றவுணர்வு, சில சமயம் விறைப்புக் குறைவு அல்லது விந்து முந்துதல் ஆகியவை இதன் அறிகுறிகள். இவை அனைத்துக்கும் விந்து இழப்பே காரணம் என்று நோயாளி உறுதியாக நம்புகிறார். பிற்கால ஆய்வாளர்கள் அந்தப் பெயரைச் சுற்றியே நீண்ட விவாதம் நடத்தினார்கள். நம் கவனத்துக்கு அதிகம் உரியது விக் பரிந்துரைத்த சிகிச்சை வழி. உடலையும் மனத்தையும் பாலுறவையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் பழக்கம் இந்திய மனநல மருத்துவத்தில் அங்கிருந்து வளர்ந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நம்பிக்கையின் வேர் பழையது. ஆயுர்வேதம் உடலை ஏழு தாதுக்களாகப் பகுக்கிறது. சித்த மருத்துவத்தில் இவை சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் என்னும் ஏழு உடற்கட்டுகள். உண்ட உணவு ஒவ்வொரு படியாகப் பக்குவப்பட்டுக் கடைசியில் சுக்கிலமாக, அதாவது விந்தாக, மாறுகிறது என்பது இந்த மரபின் கணக்கு. கடைசிப் படியில் திரண்டது என்றால் அது மிக அரியது என்றுதானே பொருள்? 1950களின் தொடக்கத்தில் ராஜஸ்தானின் உதய்ப்பூர்ப் பகுதிக் கிராமங்களில் தங்கி ஆய்வு செய்த ஜி. எம். கார்ஸ்டேர்ஸ், மனநல மருத்துவர், மானிடவியலாளரும்கூட. ஒரு துளி விந்து உருவாக நாற்பது நாளும் நாற்பது துளி இரத்தமும் வேண்டும் என்று அந்த ஊர் ஆண்கள் அவரிடம் சொன்னார்கள். இப்படி நம்புகிறவருக்கு ஓர் இரவின் சொப்பன ஸ்கலிதம்கூடப் பெருநட்டம்.

இதைக் கீழைத்தேய மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகர மருத்துவர் தீஸோ 1760இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட நூல், சுயஇன்பம் உடலையும் அறிவையும் அழிக்கும் என்று எச்சரித்தது. ஓர் அவுன்ஸ் விந்தை இழப்பது நாற்பது அவுன்ஸ் இரத்தத்தை இழப்பதைவிடக் கேடு என்பது அவர் கணக்கு. கடல் கடந்தும் அதே நாற்பது! 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறுவை மருத்துவர் லாலெமான் ‘விந்து ஒழுக்கு’ என்று ஒரு நோயையே வகுத்து, அதைக் குணப்படுத்துவதாகச் சொல்லிச் சிறுநீர்க் குழாயின் உட்புறத்தை வெள்ளி நைட்ரேட்டால் சுட்டார். அமெரிக்காவில் ஜார்ஜ் பியர்ட் 1869இல் நரம்புத் தளர்ச்சி என்ற நோயை அறிமுகப்படுத்தினார். அதற்குச் சுயஇன்பமே காரணம் என்று 1890களில் ஃப்ராய்டு எழுதினார். நம் ஊர்ச் சுவர்களில் இன்றும் காணக் கிடைக்கும் ‘நரம்புத் தளர்ச்சிக்கு நிவாரணம்’ என்ற விளம்பரத்துக்கு ஓலைச்சுவடி மட்டும் மூலமல்ல. ஐரோப்பிய, அமெரிக்க மருத்துவமும் அதற்குப் பங்காளி. மேற்கு அந்த அச்சத்தை மறந்துவிட்டது. நாம் மறக்கவில்லை. வேறுபாடு அவ்வளவுதான்.

1963இல் சண்டிகர் முதுநிலை மருத்துவ நிறுவனத்தில் மனநலத் துறையை விக் தொடங்கினார். பொது மருத்துவமனைக்குள் மனநலப் பிரிவு இருந்தது இங்கே முக்கியம். மனநோய் மருத்துவமனை வாசலை மிதிக்கத் தயங்குகிறவரும் ‘உடம்பு சரியில்லை’ என்று பொது மருத்துவமனைக்கு வருவார். விக் சொன்ன வழி எளிமையானது. பரிவோடு கேட்க வேண்டும். நம்பிக்கையை எடுத்த எடுப்பில் எதிர்த்து வாதாடக் கூடாது. தவறான கருத்தை மெல்லத் திருத்தித் தைரியம் சொல்ல வேண்டும். பதற்றமோ மனச்சோர்வோ இருந்தால் அதற்குரிய மருந்து தர வேண்டும். தேவைப்பட்டால் வெற்று மருந்தும் கொடுக்கலாம். கடைசி யோசனையை இன்றைய மருத்துவ அறம் ஏற்பது கடினம். நோயாளியின் அறியாமையை லாட்ஜ் வைத்தியர் பயன்படுத்துவதற்கும் இதற்கும் இடையே கோடு எங்கே என்று கேட்கத்தான் தோன்றுகிறது. மற்ற நான்கும் அறுபது ஆண்டு கடந்தும் செல்லுபடியாகின்றன.

எதிர்த்து வாதாடாதே என்பதற்குக் காரணம் உண்டு. ‘எல்லாம் உன் மனப்பிரமை’ என்றால் நோயாளி மறுமுறை வரமாட்டார். அவர் கண்ணால் கண்டது பொய்யும் அல்ல. சிறுநீரில் பாஸ்பேட் உப்பு மிகுந்தால் அது பால்போல் கலங்கும். மலம் கழிக்க முக்கும்போது புரோஸ்டேட் சுரப்பி நீர் சில துளி கசியலாம். இரண்டும் விந்து இழப்பு அல்ல. கண்டதை ஒப்புக்கொண்டு, அது என்னவென்று விளக்கும் மருத்துவரை நோயாளி நம்புகிறார். ஆகவே சிறுநீர்ச் சோதனையும் சர்க்கரைச் சோதனையும் உடற்பரிசோதனையும் வெறும் சடங்குகள் அல்ல. நோயாளியோடு பேச்சைத் தொடங்க அவையே வழி.

1975இல் மல்ஹோத்ராவும் விக்கும் பொதுமக்களிடையே நடத்திய ஆய்வு, இந்த நம்பிக்கை மருத்துவமனைக்கு வெளியிலும் பரவிக் கிடப்பதைக் காட்டியது. ஆனால் கட்டுரைத் தலைப்பில் இதைக் ‘கீழை நாடுகளின் பண்பாடு சார்ந்த பாலியல் நியூரோசிஸ்’ என்ற பொருள்பட எழுதினார்கள். அந்த முத்திரை ஒட்டிக்கொண்டது. 1992இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாம் நோய் வகைப்பாடு தாத் சின்ட்ரோமை நரம்புத் தளர்ச்சிக்குப் பக்கத்திலேயே, பிற நியூரோசிஸ் கோளாறுகளின் கீழ் வைத்தது. இலங்கையில் டி சில்வாவும் திஸாநாயக்கவும் 1989இல் இதே முறையீட்டைப் பதிவு செய்தார்கள். இது மனச்சோர்வின் பண்பாட்டு வடிவம்தானோ என்று 1996இல் மம்ஃபோர்ட் கேட்டார். 2004இல் அதுல சுமதிபால, சிசிர சிறிபத்தன, தினேஷ் புக்ரா மூவரும் ஐரோப்பிய வரலாற்றை எடுத்துக்காட்டி, இதை ஒரு பண்பாட்டுக்குள் அடைப்பதே தவறு என்று வாதிட்டார்கள். அவர்கள் பக்கமே நியாயம் இருக்கிறது.

விக்கின் வழிக்கு இணையான முயற்சி தமிழ்நாட்டிலும் நடந்தது. அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர்கள் மாஸ்டர்ஸ், ஜான்சன் இருவரும் 1970இல் வெளியிட்ட பாலியல் சிகிச்சை முறை கணவன் மனைவி இருவரும் சேர்ந்து வருவதை அடிப்படையாகக் கொண்டது. நம் ஊரில் பெரும்பாலும் ஆண் தனியாக வருவார். பலருக்குத் திருமணமே ஆகியிருக்காது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் குருவிளா, துணையின்றி வரும் நோயாளிகளுக்கான சிகிச்சை குறித்து 1984இல் எழுதினார். இறக்குமதியான முறையை வந்தவருக்கு ஏற்பத் திருத்திக்கொள்வது விக்கின் வழியோடு ஒத்துப்போகிறது.

பெண்கள் எங்கே என்ற கேள்வி தாமதமாகவே எழுந்தது. வெள்ளைப்படுதலால் உடல் உருகுகிறது, இடுப்பு வலிக்கிறது, அசதியாக இருக்கிறது என்று சொல்லும் பெண்களை 1980களில் எஸ். கே. சதுர்வேதி ஆராய்ந்தார். இதன் மனநலப் பக்கத்தை வலுவான சான்றோடு காட்டியவர் விக்ரம் படேல். கோவாவில் 2,494 பெண்களிடம் அவரும் சக ஆய்வாளர்களும் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளைப்படுதல் முறையீட்டுக்கும் இனப்பெருக்க உறுப்புத் தொற்றுக்கும் இருந்த தொடர்பு பலவீனமாக இருந்தது. மனச்சோர்வு, பதற்றம், குடும்பத்து நெருக்கடி ஆகியவற்றோடு இருந்த தொடர்போ வலுவாக இருந்தது. வெள்ளைப்படுதல் என்றதும் தொற்றுக்கான மாத்திரைப் பொட்டலத்தை எழுதிக் கொடுத்து அனுப்பும் நடைமுறை எத்தனை பெண்களின் மனத்துயரைத் தவறவிட்டிருக்கும்! ஆணின் தாது அச்சத்துக்குப் பெயர் சூட்டிய துறை, பெண்ணின் முறையீட்டை மகப்பேறு மருத்துவத்தின் தலையில் கட்டிவிட்டு இருபது ஆண்டுக்கு மேல் சும்மா இருந்தது. இந்த வரலாற்றின் பெரிய குறை அதுதான்.

உடல், மனம், பாலுறவு மூன்றையும் இணைத்துப் பார்க்க வேண்டும் என்பதை மருந்துகளின் வரலாறும் வற்புறுத்தியது. மனச்சோர்வு பாலுறவு விருப்பத்தைக் குறைக்கும். அதைத் தீர்க்கத் தரும் செரட்டோனின் சார்ந்த மாத்திரைகளும் விருப்பத்தைக் குறைக்கலாம், உச்சத்தைத் தாமதப்படுத்தலாம். அந்தப் பக்கவிளைவையே விந்து முந்துதலுக்கு மருந்தாகவும் பயன்படுத்துகிறார்கள். ஒரே மாத்திரை ஒருவருக்குச் சிக்கலாகவும் இன்னொருவருக்குத் தீர்வாகவும் இருப்பதால், படுக்கையறை பற்றிக் கேட்காமல் மாத்திரை எழுதும் மனநல மருத்துவர் பாதி வேலையைத்தான் செய்கிறார். விறைப்புக் குறைவுக்குச் சர்க்கரை நோயும் இரத்த அழுத்த மாத்திரையும் காரணமாகலாம் என்பதால், மனத்தைப் பற்றி மட்டும் பேசி அனுப்புகிறவருக்கும் இது பொருந்தும். 2022இல் நடைமுறைக்கு வந்த பதினோராம் நோய் வகைப்பாடு, பாலியல் செயற்குறைகளை மனநோய் அத்தியாயத்திலிருந்து எடுத்துப் பாலியல் நலம் என்ற தனி அத்தியாயத்தில் வைத்தது. உடல் காரணம், மனக் காரணம் என்ற பழைய பிரிவினையையும் கைவிட்டது. சண்டிகரிலும் வேலூரிலும் மருத்துவர்கள் நடைமுறையில் செய்துவந்ததை ஏடு பிற்பாடு ஏற்றுக்கொண்டது.

ஆண்மைக்குறைவு மருந்து விளம்பரங்களை 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாயத் தீர்வுகள் சட்டம் தடை செய்கிறது. சுவர்களும் தொலைக்காட்சியும் அந்தச் சட்டத்தைக் கண்டுகொள்வதில்லை. விக்கின் வழிக்கோ விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் அரை மணி நேரத்தில் செய்யக்கூடியது அது. அவருக்கு அதைக் கற்றுத்தர வேண்டிய எம்.பி.பி.எஸ். படிப்பின் இறுதித் தேர்வில் மனநல மருத்துவத்துக்கு இன்றும் தனித்தாள் கிடையாது.