ஓர் ஓடு, இரு செய்திகள்

அடுப்பிலிருந்து இறக்கிய குழம்பு உப்புக் கரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உப்பு கூடிவிட்டதா, நீர் வற்றிவிட்டதா? நாவுக்கு இரண்டும் ஒன்றுதான். சமைத்தவரைக் கேட்டால் தெரிந்துவிடும். சமைத்தவரும் இல்லை, சமைத்து இருபதாயிரம் ஆண்டுகளும் ஆகிவிட்டன என்றால் என் செய்வோம்? பழங்காலக் கடலின் வெப்பத்தை அளக்கப் புகுந்த அறிஞர்கள் இத்தகைய வினா ஒன்றோடு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் போராடினர். அவர்கள் எங்கே தவறினர், எவ்வாறு திருத்திக்கொண்டனர் என்பதை நாம் இங்கே சுருக்கமாகக் காண்போம்.

வெப்பமானியான கணக்கு

இவ்வரலாறு ஹெரால்டு யூரி என்னும் அமெரிக்க வேதியியலாரிடம் தொடங்குகிறது. கனத்த ஹைட்ரஜனைக் கண்டறிந்தமைக்காக 1934-இல் நோபெல் பரிசு பெற்றவர் அவர். 1946-இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் அவர் ஆற்றிய உரையும், அதன்பின் எழுந்த வினாக்களும் அவரை ஒரு புதிய கணக்கிற்கு இட்டுச் சென்றன. அக்கணக்கு 1947-இல் வெளியாயிற்று.

நீரிலும் சுண்ணாம்பிலும் உள்ள ஆக்சிஜன் அணுக்கள் யாவும் ஒரே எடை உடையவை அல்ல. ஆயிரம் அணுக்களை எண்ணினால் ஏறத்தாழ இரண்டு மட்டும் நிறை எண் 18 கொண்ட கனத்த அணுக்கள். ஏனையவை அநேகமாக எல்லாம் நிறை எண் 16 கொண்டவை. கடல் உயிர் ஒன்று தனக்குச் சுண்ணாம்பு ஓடு கட்டும்போது இவ்விருவகை அணுக்களையும் நீரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. நீர் குளிராக இருந்தால் ஓட்டில் கனத்த அணுக்கள் சற்றே மிகும். வெதுவெதுப்பாக இருந்தால் சற்றே குறையும். எனவே ஓட்டைப் பகுத்தாய்ந்தால் அது கட்டப்பட்ட நாளின் கடல் வெப்பத்தை அறியலாம் என்று யூரி கண்டார்.

ஆனால் அந்தச் 'சற்றே' என்பது எத்துணைச் சிறிது! நீர் ஒரு பாகை செல்சியஸ் குளிர்ந்தால் அவ்விகிதம் பத்தாயிரத்தில் இரண்டு பங்கு அளவே மாறும். அதை அளக்கும் நுட்பம் அன்றைய கருவிகளுக்கு இல்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூரியின் குழுவினர் ஆல்ஃபிரெட் நியர் வடிவமைத்த நிறைநிறமாலைமானியைச் செம்மைப்படுத்தினர். சாமுவேல் எப்ஸ்டீன் முதலானோர் வெப்பம் தெரிந்த நீரில் வளர்ந்த சிப்பிகளைக் கொண்டு அளவுகோலை வகுத்தனர். 1951-இல் ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் கிடைத்த ஒரு புதைபடிவத்தை ஆய்ந்தனர். அது கணவாயின் உறவான பெலம்னைட் என்னும் உயிரினுடையது. 14 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது. அதன் வளையங்களை ஒவ்வொன்றாகச் சுரண்டி அளந்து, அது ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் வாழ்ந்தது என்றும், ஓர் இளவேனிலில் இறந்தது என்றும் கூறினர். கல்லாய்ப் போன ஓர் உயிரின் மரணப் பருவத்தை மனிதன் அறிய முடிந்ததை நினைத்தால் இன்றும் நமக்கு வியப்பே மேலிடுகிறது.

கடலடிச் சேறு

யூரியின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய இளைஞர்களுள் ஒருவர் சேசரே எமிலியானி. இத்தாலியின் பொலோன்யா நகரில் 1922-இல் பிறந்தவர். அவர் தேர்ந்துகொண்டது போராமினிபெரா என்னும் ஒருசெல் உயிரியின் ஓடு. ரவையளவே உள்ள அந்த ஓடு பல சிற்றறைகளாக அமைந்தது. கடலின் மேற்பரப்பில் மிதந்து வாழும் இவ்வுயிர்கள் இறந்ததும் ஓடுகள் மெல்ல அடிக்கு இறங்கிச் சேற்றில் படிகின்றன. ஆழ்கடலின் பல இடங்களில் ஆயிரம் ஆண்டுகளுக்கு ஓரிரு சென்டிமீட்டரே படியும். எனவே பத்து மீட்டர்ச் சேறு என்பது பல நூறாயிரம் ஆண்டுகளின் பதிவேடு.

அந்தச் சேற்றை அடுக்குக் குலையாமல் எடுக்கும் குழாய்க்கருவியைச் சுவீடன் நாட்டவரான குல்லன்பெர்க் உருவாக்கியிருந்தார். 'அல்பட்ராஸ்' என்னும் கப்பல் 1947-48-இல் ஹான்ஸ் பெட்டர்சன் தலைமையில் உலகைச் சுற்றிவந்து அத்தகைய சேற்றுத் தூண்களைக் கொணர்ந்தது. இவற்றையும் வேறு சிலவற்றையும் ஆய்ந்த எமிலியானி 1955-இல் தம் முடிவுகளை வெளியிட்டார்.

ஆல்ப்ஸ் மலைப்பகுதியின் சான்றுகளைக் கொண்டு, பனியூழிகள் நான்கே என்று அதுவரை அறிஞர் கருதிவந்தனர். எமிலியானியின் சேற்றுத் தூண்களோ அதனினும் மிகுதியான ஏற்ற இறக்கங்களைக் காட்டின. அவர் அவற்றுக்கு எண்ணிட்டார். வெப்பக் காலங்களுக்கு ஒற்றைப்படை எண். குளிர்க் காலங்களுக்கு இரட்டைப்படை எண். நாம் இன்று வாழும் வெப்பக் காலம் முதலாம் எண். கரிபியக் கடலின் மேற்பரப்பு பனியூழிகளில் ஏறத்தாழ ஆறு பாகை குளிர்ந்தது என்றும் அவர் கணக்கிட்டார்.

வற்றிய நீர்

இங்கேதான் நாம் முதலில் சொன்ன குழம்பு நினைவுக்கு வருகிறது. கடல்நீர் ஆவியாகும்போது எடை குறைந்த அணுக்களைத் தாங்கிய நீரே எளிதில் மேலெழும். முகில் துருவத்தை நோக்கிச் செல்லும் வழியில் கனத்த அணுக்கள் முதலில் மழையாகக் கொட்டிவிடுகின்றன. எஞ்சிய இலகுவான நீரே துருவப் பகுதிகளில் பனியாக விழும். அப்பனி உருகாமல் நிலத்தின்மேல் மலைபோல் குவிந்துவிட்டால், இலகுவான அணுக்கள் அங்கே சிறைப்படும். கடலில் கனத்தவை மிகும். அப்போது கடலின் வெப்பம் சிறிதும் மாறாவிட்டாலும் ஓடு கனக்கும். குளிரும் ஓட்டைக் கனக்கச் செய்யும், பனித்திரளும் கனக்கச் செய்யும். இரண்டும் ஒரே குரலில் பேசுகின்றன.

எமிலியானி இதை அறியாதவர் அல்லர். பனிக்கென ஒரு சிறு பங்கை அவர் ஒதுக்கியே வைத்தார். ஆனால் பனியூழிப் பனி எவ்வளவு இலகுவானது என்பதைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டார். அதை அறிய உதவியவர்களுள் முதன்மையானவர் டென்மார்க்கின் வில்லி டான்ஸ்கார்டு. இவர் 1952-இல் தம் வீட்டுத் தோட்டத்தில் ஒரு பீர்ப் புட்டியின்மேல் புனலைச் செருகி மழைநீரைப் பிடித்து ஆராயத் தொடங்கியவர். பின்னர் கிரீன்லாந்தில் 1966-இல் அடிப்பாறை வரை துளையிட்டு எடுத்த பனியை ஆய்ந்து, 1969-இல் டாபர் என்பவரோடு சேர்ந்து எழுதினார்: ஓடுகளில் கண்ட மாற்றத்தின் பெரும்பகுதி பனியால் வந்தது.

அதற்கு முன்னரே, 1967-இல், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் நிக்கலஸ் ஷாக்கில்டன் வேறொரு வழியில் அம்முடிவை எட்டியிருந்தார். அவருடைய வாதம் எளியது. கடலின் மேற்பரப்பில் வாழும் போராமினிபெரா உண்டு. ஆழ்கடலின் தரையில் வாழ்வனவும் உண்டு. ஆழ்கடல் நீர் இன்றே உறைநிலையை அடுத்துத்தான் இருக்கிறது. அது மேலும் ஆறு பாகை குளிர இயலாது; குளிர்ந்தால் உறைந்துவிடும். அப்படியிருக்க, தரைவாழ் ஓடுகளிலும் ஏறத்தாழ அதே அளவு மாற்றம் காணப்பட்டால் அதற்குக் காரணம் வெப்பமாக இருக்க முடியாது. நீரே மாறியிருக்க வேண்டும். தரைவாழ் ஓடுகள் அரியன. எனவே மிகச் சில ஓடுகளையே கொண்டு அளக்கத்தக்கவாறு தம் கருவியை அவர் திருத்தியமைத்தார்.

1973-இல் ஷாக்கில்டனும் ஒப்டைக்கும் மேற்குப் பசிபிக் பெருங்கடலின் ஒரு சேற்றுத் தூணை ஆய்ந்து 22 காலக்கட்டங்களை வரிசைப்படுத்தினர். 1976-இல் ஹேஸ், இம்ப்ரி, ஷாக்கில்டன் மூவரும் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் எடுத்த இரு தூண்களைக் கொண்டு, பனியூழிகளின் வரவு செலவு பூமியின் சுற்றுப்பாதை மாற்றங்களோடு இயைகிறது என்று காட்டினர். செர்பியக் கணித அறிஞர் மிலன்கோவிச் முன்னமே கணக்கிட்டுச் சொன்னது இது. அவர் 1958-இல் மறைந்துவிட்டார்.

திருத்தியவரும் திருந்தினார்

வரலாறு இத்துடன் முடிந்திருந்தால், தவறியவர் ஒருவர், திருத்தியவர் ஒருவர் என்று நாம் எளிதாக எழுதிவிடலாம். அப்படி முடியவில்லை.

1996-இல் டேனியல் ஷ்ராக் முதலானோர் கடலடிச் சேற்றின் இடுக்குகளில் தங்கிய பழங்கடல் நீரின் சுவட்டையே அளந்தனர். பனியால் கடல் கனத்தது ஆயிரத்தில் ஏறத்தாழ ஒரு பங்கு என்று தெரிந்தது. எமிலியானி ஒதுக்கியதைவிட இது ஏறத்தாழ இருமடங்குக்கு மேல். ஆனால் தரைவாழ் ஓடுகளில் கண்ட மாற்றம் முழுவதையும் விளக்க இதுவும் போதவில்லை. ஆழ்கடலும் சில பாகை குளிர்ந்தே இருந்தது! ஷாக்கில்டனே 2000-ஆம் ஆண்டில், அண்டார்டிக்காவின் பனியில் அடைபட்ட காற்றைத் துணைகொண்டு பனியின் பங்கையும் ஆழ்கடல் வெப்பத்தின் பங்கையும் பிரித்துக் காட்டினார். வெப்பத்தின் பங்கு தாம் முன்பு கருதியதைவிடப் பெரிது என்பதைத் தம் அறுபத்துமூன்றாம் வயதில் தம் கையாலேயே எழுதினார்.

அதே காலத்தில் மற்றொரு சாட்சியும் கிடைத்தது. ஓட்டில் சிறிதளவு மக்னீசியமும் உண்டு. வெப்பம் மிகுந்தால் அது மிகும்; பனித்திரளின் அளவு அதைத் தொடுவதில்லை. ஒரே ஓட்டில் மக்னீசியத்தைக் கொண்டு வெப்பத்தை அறிந்து, அதை ஆக்சிஜன் கணக்கிலிருந்து கழித்தால் எஞ்சுவது பனி. கேம்பிரிட்ஜின் ஹாரி எல்டர்ஃபீல்டும் குழுவினரும் நியூசிலாந்துக்குக் கிழக்கே எடுத்த சேற்றில் இவ்வாறு 15 இலட்சம் ஆண்டுகளின் வரலாற்றைப் பிரித்து 2012-இல் வெளியிட்டனர்.

இக்கணக்கு நம் கரையையும் தொடுகிறது. இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. ஆழமற்ற பாக் நீரிணை அன்று தரையாகவே கிடந்தது. இலங்கை நம்மோடு ஒரே நிலம். மறுபுறம், 1,25,000 ஆண்டுகளுக்கு முந்தைய வெப்பக் காலத்தில், தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட உலகம் ஒரு பாகை அளவே வெதுவெதுப்பாக இருந்தும், கடல் இன்றையதைவிட 5 முதல் 10 மீட்டர் உயர்ந்து நின்றது. எத்தனை பாகைக்கு எவ்வளவு பனி உருகும் என்ற கேள்வி இன்று கடலோரத்தில் குடியிருப்போர் யாவரின் கேள்வியும் ஆகும். வெப்பத்தையும் பனியையும் ஒன்றாகக் குழப்பிவைத்தால் அதற்கு விடையில்லை.

எமிலியானி 1995-இலும் ஷாக்கில்டன் 2006-இலும் மறைந்தனர். எமிலியானியின் ஆறு பாகைக் கணக்கை இன்று பெரும்பாலோர் ஏற்பதில்லை. ஆயினும் அவர் இட்ட எண்கள் அப்படியே வழங்குகின்றன. அவர் கணக்கை மறுத்தவர்களும் அந்த எண்களைக் கொண்டுதான் காலத்தைக் குறித்தார்கள். ஷாக்கில்டன் தம் கட்டுரைகளில் ஒவ்வொரு முறையும் முதலாம் காலம், இரண்டாம் காலம் என்று எழுதியபோது, தாம் திருத்தியவரின் கையெழுத்தின்மேல்தான் எழுதினார்.