துலாக்கோலும் கையுறையும்: ஜோ கான்ஸ் என்னும் குத்துச்சண்டை வீரர் வரலாறு

நடுவுநிலைமைக்குத் துலாக்கோலை உவமையாகக் கூறுதல் தமிழ்ச் சான்றோர் மரபு. வள்ளுவரும் அவ்வாறே கூறினார். ஒருபாற் சாயாது நின்று, தன்மேல் வைத்த பொருளின் நிறையை உள்ளவாறு காட்டுதலே அக்கோலின் இயல்பு. ஆயினும், கோல் நேரியதாய் இருப்பினும் அதனைப் பிடிக்கும் கை கோணுமாயின், அதுவே அநீதிக்குக் கருவியாதலும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலகு நிறைப் பிரிவின் உலக சம்பியனாக விளங்கிய ஜோ கான்ஸ் என்பாரின் வரலாறு இவ்வுண்மைக்குத் தக்கதொரு சான்றாகும்.

வெறுங்கையாற் பொருதும் பழைய முறையை நீக்கிக் கையுறை அணிதல், மூன்று நிமிடச் சுற்று, சுற்றுகளுக்கிடையே ஒரு நிமிட ஓய்வு என்பவற்றை வகுத்த குவீன்ஸ்பரி விதிகள் 1867இல் வெளிவந்தன. ஒத்த நிறையுடையார் ஒருவரோடொருவர் பொருதற்கெனப் பல நிறைப் பிரிவுகளும் காலப்போக்கில் ஏற்பட்டன. மெலியானை வலியான் வருத்தலாகாது என்னும் நல்லெண்ணமே அப்பிரிவுகளின் அடிப்படை. ஆயின், விதி வகுத்த சமன்பாட்டை நிறவேறுபாடு குலைத்தது. பார நிறைச் சம்பியன்களான சலிவன், ஜெவ்றிஸ் ஆகியோர் தம் பட்டத்துக்காகக் கறுப்பின வீரரோடு பொருத மறுத்தனர். சிறு நிறைப் பிரிவுகளில் மட்டும் கதவு சிறிது திறந்திருந்தது. கனடாவிற் பிறந்த ஜோர்ஜ் டிக்சன் 1890இல் அதன் வழியே நுழைந்து, உலக சம்பியனான முதற் கறுப்பினத்தவர் என்னும் பெருமையை அடைந்தார். ஐக்கிய அமெரிக்க மண்ணிற் பிறந்தாருள் அப்பெருமைக்கு முதலுரியவர் கான்ஸ் ஆவர்.

அவர் 1874ஆம் ஆண்டு நவம்பர் 25ஆந் திகதி மேரிலாந்து மாநிலத்துப் பால்ரிமோர் நகரிற் பிறந்தார். இளமையில் அந்நகரின் மீன்சந்தையில் சிப்பி உடைத்து உயிர் வாழ்ந்தார். அக்காலத்திற் கறுப்பின இளைஞர் பலரை ஒரே மேடையில் ஏற்றி, ஒருவரையொருவர் அடிக்கவிட்டு, இறுதியில் எஞ்சி நிற்பவனுக்குச் சில்லறைக் காசு எறியும் வேடிக்கை வெள்ளையர் கூட்டத்தில் வழங்கியது. கான்ஸ் மேடையேறிய முதல் வாயிலும் அதுவே. பலர் ஒருங்கே தாக்கும் அக்குழப்பத்தில், வீணாக ஓரடியும் எடுத்துவையாமை, வரும் அடியை முன்னறிந்து விலகுதல், எதிரி நிலை தளருங் கணம் பார்த்துக் குறுகிய தூரத்திற் குத்துதல் என்பனவே உயிர்காக்கும் கலைகள். அவற்றையே அவர் பின்னர் ஒரு சாத்திரமாக வளர்த்தார். ஆரவாரமின்றி, அளந்து ஆடும் அவர் ஆட்டத்தைக் கண்டோர் அவரை ‘பழைய ஆசான்’ என அழைத்தனர்.

1900ஆம் ஆண்டு அவருக்குச் சோதனைக் காலமாயிற்று. மார்ச் மாதம் நியூயோர்க்கில் உலக சம்பியன் பிராங்க் ஏர்னோடு பொருதியபோது, கண்ணிற் பட்ட காயத்தாற் பன்னிரண்டாஞ் சுற்றில் ஆட்டத்தைக் கைவிட நேர்ந்தது. டிசம்பர் மாதம் சிக்காகோ நகரில் ரெறி மக்கவேர்னை எதிர்த்தார். தம்மினுஞ் சிறிய பிரிவைச் சேர்ந்த அவ்வீரரிடம், இரண்டாஞ் சுற்றிலேயே பலமுறை விழுந்து தோற்றார். தோல்வி முன்னரே பேசி முடிக்கப்பட்டது என்னும் ஐயம் எங்கும் எழுந்தது. மத்தியஸ்தராய் நின்ற ஜோர்ஜ் சைலரும், கான்ஸ் உண்மையாக முயன்றார் என்பதை நம்ப இயலாதென்ற கருத்துப்பட எழுதினார். அதன் விளைவாகச் சிக்காகோவிற் குத்துச்சண்டையே தடைசெய்யப்பட்டது.

இக்களங்கத்தை மறைத்தல் வரலாறாகாது; அதனை மட்டுமே கூறுதலும் வரலாறாகாது. கறுப்பின வீரர் ஒருவர்க்கு ஆட்டங்களை ஒழுங்குசெய்வோரும், பணத்தைப் பெறுவோரும், பந்தயம் வைப்போரும் பெரும்பாலும் வெள்ளையரே. அவர்தம் சொல்லை மறுத்தவர்க்கு அடுத்த ஆட்டம் கிடையாது. கான்ஸின் முகவராயிருந்த அல் ஹேர்பேட் கையிலேயே அவர் தொழில் முழுதும் தங்கியிருந்தது. அடிமைச் சங்கிலி அறுந்து ஒரு தலைமுறை கழிந்தபின்னும், பிறருடைய கணக்குப் புத்தகத்துட் கட்டுண்டு கிடந்தோர் பலர். அந்நிலை குற்றத்தைக் குணமாக்காது. ஆயினும் குற்றத்தில் யார் யாருக்கு எத்துணைப் பங்கு என்பதை அளந்தறிய உதவும்.

1902ஆம் ஆண்டு மே 12ஆந் திகதி, ஒன்ராறியோ மாகாணத்துப் போட் ஈரி நகரில் ஏர்னை அவர் மீண்டும் சந்தித்தார். இரண்டு நிமிடங்கூட நிறையுமுன் ஏர்ன் வீழ்ந்தார். பட்டம் கான்ஸுக்காயிற்று. பட்டம் கிட்டியும் மதிப்புக் கிட்டவில்லை. ஜிமி பிரிற் என்பார் தம்மை ‘வெள்ளையர் சம்பியன்’ எனக் கூறிக்கொண்டார். 1904ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் விதி மீறியமையாற் கான்ஸிடம் பிரிற் தோற்றும், அக்கூற்று ஓயவில்லை. 1905இல் பற்லிங் நெல்சன் பிரிற்றை வீழ்த்தியபோது, பட்டம் தம்முடையதே என நெல்சன் உரிமை பாராட்டினார். இதற்குள் ஹேர்பேட்டை விட்டுப் பிரிந்த கான்ஸ் கைப்பொருளின்றி வாடினார்.

இந்நிலையில் நெவாடா மாநிலத்துப் பாலைவனத்திற் கோல்ட்பீல்ட் என்னும் புதுப்பட்டினம் அவரை அழைத்தது. 1902இற் பொன் கண்டெடுக்கப்பட்டு விரைவில் வளர்ந்த ஊர் அது. அங்கு மதுச்சாலை நடத்திய ரெக்ஸ் றிக்காட் என்பார் தம் ஊரை உலகறியச் செய்ய விரும்பி, 30,000 டொலர் பொன் நாணயங்களைக் கண்ணாடிச் சாளரத்திற் குவித்துக் காட்டி, கான்ஸ்–நெல்சன் போட்டியை அறிவித்தார். போட்டிப் பணத்தைப் பங்கிட்ட முறையே அக்காலத்து நீதியின் அளவைக் காட்டும். நெல்சனுக்கு 20,000 டொலருக்கு மேல். சம்பியனாகிய கான்ஸுக்கோ ஏறக்குறைய 11,000 டொலரே. இருவரும் 133 இறாத்தலுக்கு மேற்படலாகாது என நெல்சனின் முகவர் பில்லி நோலன் வற்புறுத்தினார். அவ்வளவில் அமையாது, ஆட்டத்துக்குரிய உடையோடும் பாதணியோடும், போட்டி நாளன்றே, ஒருமுறையன்றி மும்முறை தராசில் ஏறவேண்டும் என்றும் நிபந்தனை விதித்தார். தன் உடலை வற்றவைத்தே அந்நிறையை எட்டக்கூடிய முப்பத்தொரு வயதுக் கான்ஸுக்கு இது பெருந் தண்டனை. இருபத்துநான்கு வயது நெல்சனுக்கோ அத்துணைத் துன்பமன்று. சமனை நாட்டுதற்கென்று ஏற்பட்ட தராசு சமனைக் குலைக்கும் கருவியான வகை இது. வறுமையால் கான்ஸ் அனைத்துக்கும் இசைந்தார்.

1906ஆம் ஆண்டு செப்ரெம்பர் 3ஆந் திகதி, கடும் வெயிலிற் போட்டி தொடங்கியது. சுற்றுக்கு எல்லை இல்லை. ஒருவர் தோற்கும்வரை பொருதுவதே ஒப்பந்தம். நெல்சன் தலையைக் குனிந்து நெருங்கி முட்டியும் தள்ளியும் ஆட, கான்ஸ் இடக்கையாற் தடுத்து வலக்கையால் அளந்து குத்தினார். தவறி விழுந்த எதிரியைக் கைகொடுத்து எழுப்பிவிட்ட அவர் பண்பை வெள்ளைப் பார்வையாளரும் ஆரவாரித்துப் பாராட்டினர். இடையில் அவர் கை எலும்பு முறிந்தது. அதனை எதிரி அறியாவண்ணம் மறைத்துப் பொருதினார். ஓய்வு நேரத்தையுஞ் சேர்த்து இரண்டே முக்கால் மணி நேரத்துக்கு மேல் கழிந்து, நாற்பத்திரண்டாஞ் சுற்றில் நெல்சன் இடுப்புக்குக் கீழே குத்தினார். கான்ஸ் சுருண்டு விழுந்தார்.

அந்தக் கணத்தில் எல்லாம் மத்தியஸ்தர் ஒருவர் கையிற் தங்கியிருந்தது. அவரும் பிறர் அல்லர். ஆறாண்டுகளுக்கு முன் சிக்காகோவில் கான்ஸின் நேர்மையை ஐயுற்ற அதே ஜோர்ஜ் சைலர். பழைய ஐயத்தையோ நிறத்தையோ அவர் நினைந்திலர். தாம் கண்டதைக் கண்டவாறே கொண்டு, விதி மீறிய நெல்சனை நீக்கி, வெற்றி கான்ஸுக்கே எனத் தீர்ப்பளித்தார். கூடியிருந்தோர் அதனை ஏற்றனர். பங்கீட்டிலும் தராசிலும் கிட்டாத நீதி, கயிறு கட்டிய அச்சிறு மேடையிற் கிட்டியது.

வென்ற பொருளைக்கொண்டு கான்ஸ் பால்ரிமோரில் ‘கோல்ட்பீல்ட்’ என்னும் பெயராலேயே ஓர் உணவு விடுதி அமைத்தார். கறுப்பரும் வெள்ளையரும் அங்கு வந்துகூடினர். பிற்காலத்து இசையமைப்பாளராகப் புகழெய்திய யூபி பிளேக் இளமையில் அங்குப் பியானோ வாசித்தார். 1907இல் கிட் ஹேர்மன், பிரிற் ஆகியோரையும் கான்ஸ் வென்று பட்டத்தைக் காத்தார்.

ஆயின், பலகாலம் உடலை வற்றவைத்த வாழ்வு நெடிது நிலைக்கவில்லை. கயரோகம் அவரைப் பற்றியது. 1908ஆம் ஆண்டு யூலை 4ஆந் திகதி நெல்சனிடம் பதினேழாஞ் சுற்றிலும், செப்ரெம்பரில் மீண்டும் இருபத்தோராஞ் சுற்றிலும் வீழ்ந்தார். 1909 மார்ச் மாதத்தில் ஜேபெஸ் வைற்றோடு ஆடியதே இறுதி ஆட்டம். வறண்ட காற்றை நாடி அரிசோனா சென்றும் பயனில்லை. இறக்கும் தறுவாயிற் புகைவண்டியிற் பால்ரிமோருக்குக் கொண்டுவரப்பட்டு, 1910ஆம் ஆண்டு ஓகஸ்ட் 10ஆந் திகதி, முப்பத்தைந்தாம் வயதிற் காலமானார்.

அவர் இறந்து நான்கு மாதங்களில், அதே பால்ரிமோர் நகரசபை கறுப்பரும் வெள்ளையரும் தனித்தனித் தெருத் தொகுதிகளிலேயே குடியிருக்க வேண்டும் எனச் சட்டம் இயற்றியது. இத்தகைய சட்டங்கள் செல்லாவென ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்த்தது 1917இலேயாம். இரு நிறத்தாரும் ஒருங்கு கூடிய விடுதி இருந்த நகரிலேயே இது நிகழ்ந்தமை சிந்தித்தற்குரியது. கான்ஸின் கலை மறைந்துவிடவில்லை. குத்துச்சண்டை வரலாற்றாசிரியர் நற் பிளைசர் இலகு நிறைப் பிரிவிற் கான்ஸுக்கே முதலிடம் வழங்கினார். சர்வதேசக் குத்துச்சண்டைப் புகழ்மண்டபம் 1990இல் முதன்முதலாகச் சேர்த்துக்கொண்டாருள் அவரும் ஒருவர்.

விதிகள் நல்லனவாயிருத்தல் மட்டும் போதாது என்பதே இவ்வரலாறு தரும் படிப்பினை. ஒரே விதி நோலன் கையில் வருத்துங் கருவியாயிற்று. சைலர் கையிற் காக்குங் கருவியாயிற்று. விளையாட்டு மைதானத்திலாயினும் பரீட்சை மண்டபத்திலாயினும் அலுவலகத்திலாயினும் பிறரை அளக்கும் பொறுப்புடையார் யாவரும் முதலில் அளக்கவேண்டியது தம் கையின் சாய்வையே. கோல் கோடாது, கோடுவது அதனைப் பிடிக்கும் கையே.