சைக்கிள் டைனமோவில் இருந்து மென்பொருள் ரேடியோ வரை

கொஞ்சம் நீளமான பதிவு, நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

போன கிழமை தரம் 10 பிள்ளை ஒருவன் என் மேசையில் கிடந்த சுற்றுப் பலகையைப் பார்த்து, "சேர், இது என்ன?" என்று கேட்டான். "ரேடியோ. முழுசாகச் செய்து முடித்தால் கேட்கவும் செய்யும், பேசவும் செய்யும்" என்றேன். உடனே குரலைத் தாழ்த்திவிட்டான். "பேசினா பிடிக்க மாட்டாங்களா சேர்?"

யுத்தம் முடிந்த பிறகு பிறந்த பிள்ளை. அந்தப் பயம் அவனுக்கு வீட்டிலிருந்துதான் வந்திருக்கும். எங்கட ஊரில் ரேடியோ என்றால் கேட்கிற பெட்டி. பேசுகிற பெட்டி எப்போதும் வேறு ஆட்களின் கையில் இருந்தது. அதை வைத்திருந்தவரைக் கண்டால் நாங்கள் பாதை மாறிப் போவோம். அவனுக்கு அன்றைக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

இந்த நாட்டில் வானொலி கடையில் வாங்கிய பொருளாகத் தொடங்கவில்லை. தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராக 1921இல் வந்த எட்வர்ட் ஹார்ப்பர், 1923இல் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் ஒரு சின்ன அறையில் இருந்து கிராமபோன் இசையை ஒலிபரப்பிப் பார்த்தார். அந்த ஒலிபரப்புக் கருவியைத் திணைக்களப் பொறியியலாளர்களே செய்தார்கள். பாகங்கள் வந்தது முதலாம் உலகப் போரில் பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் ரேடியோக் கருவியில் இருந்து! 1925 டிசம்பர் 16இல் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. இன்று பிறை கண்ட செய்திக்காக நாங்கள் காது கொடுத்துக் காத்திருக்கும் வானொலிக்கு மூலம், கழற்றி எடுத்த பழைய சாமான்.

எங்கட யாழ்ப்பாணத்திலும் கழற்றிப் பூட்டுகிற கைகளுக்குக் குறைவிருக்கவில்லை. தொண்ணூறுகளின் முதற்பாதியில் மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. என்னோடு படிப்பிக்கும் மூத்த ஆசிரியர் ஒருவர் சொல்வார்: இரவானால் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, டைனமோ வயரை ரேடியோவில் பொருத்தி, கையால் பெடலைச் சுற்றித்தான் பிபிசி தமிழோசையும் வெரித்தாசும் கேட்டார்களாம். ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும். கை களைத்தால் செய்தியும் களைத்துவிடும், அடுத்த பிள்ளை வந்து பிடிக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் எங்கட ஆட்கள் இங்கே இல்லை. 1990 ஒக்டோபர் 30 அன்று சோனகத்தெருவை விட்டுப் போனபோது வாப்பாவின் ரேடியோ மேசையிலேயே நின்றுவிட்டது. புத்தளத்துக்குப் போன பிறகும் அவர் அதைப் பற்றித்தான் அடிக்கடி கதைப்பார். வீட்டைப் பற்றிக் கதைப்பதைவிட அது லேசாக இருந்திருக்கலாம்.

கதை இப்போது ஹைதராபாத்துக்குப் போகிறது. அங்கே அஷ்ஹர் ஃபர்ஹான் என்றொரு அமெச்சூர் வானொலிக்காரர் இருக்கிறார். அழைப்புக்குறி வீயூ2ஈஎஸ்ஈ. அமெச்சூர் வானொலி என்றால், அரசிடம் உரிமம் பெற்று, காசுக்காக அல்லாமல் சொந்தக் கருவியில் உலகத்தோடு பேசுவது. வெளிநாட்டுக் கருவிகளின் விலை இந்தியாவில் ஒரு ஆசிரியருக்கோ மாணவனுக்கோ எட்டாதது. ஃபர்ஹான் 2000களின் தொடக்கத்தில் பிட்எக்ஸ் என்ற சுற்றை வரைந்து எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். உள்ளூர்க் கடைகளில் கிடைக்கும் சாதாரண திரான்சிற்றர்கள். சுருள் சுற்றுவதற்குத் தேவையான விசேட வளையம் கிடைக்காதா? தண்ணீர்க் குழாய்க்குப் போடும் வொஷரில் சுற்றுங்கள் என்றார். ஒரே பெருக்கிச் சுற்று கேட்கும்போது ஒரு பக்கமாகவும் பேசும்போது மறுபக்கமாகவும் வேலை செய்யும். அதனால் பாகங்களும் குறைவு. பிறகு 2017இல் 3 முதல் 30 மெகாஹேர்ட்ஸ் வரை முழுச் சிற்றலையிலும் வேலை செய்யும் மைக்ரோபிட்எக்ஸ் வந்தது.

இதற்கிடையில் வேறொரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. பழைய ரேடியோவில் ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு பாகம். குரலைப் பிரிக்க ஒன்று, இரைச்சலை வெட்ட ஒன்று. வேலையை மாற்ற வேண்டுமென்றால் ஈயத்தை உருக்கிப் பாகத்தை மாற்ற வேண்டும். அலையை எண்களாக்கிக் கணினியிடம் கொடுத்துவிட்டால் அந்த வேலைகளை எல்லாம் கணக்காகவே செய்யலாம். 1991இல் ஜோசப் மிட்டோலா என்ற அமெரிக்கப் பொறியியலாளர் இதற்கு மென்பொருள் ரேடியோ என்ற பெயரை வைத்தார். 2002இல் ஜெரால்ட் யங்பிளட், வீட்டுக் கணினியின் சவுண்ட் கார்ட்டை வைத்தே இதைச் செய்யலாம் என்று அமெரிக்க அமெச்சூர் சங்கத்தின் கியூஈஎக்ஸ் இதழில் தொடராக எழுதத் தொடங்கினார். இங்கே ஏ9 பாதை திறந்த ஆண்டு அது.

ஃபர்ஹான் இந்த இரண்டு வழியையும் சேர்த்துச் செய்ததுதான் எஸ்பிட்எக்ஸ். வானத்தில் இருந்து வரும் அலை முதலில் பழைய பாணியில் கலக்கப்பட்டு, 40 மெகாஹேர்ட்ஸ் அளவிலான பளிங்கு வடிகட்டிக்குள் போகிறது. அதில் தப்பி வரும் சின்னத் துண்டை இன்னொரு தடவை கீழே இறக்கி, வினாடிக்கு 96,000 தடவை அளந்து எண்களாக்குகிறார்கள். அதற்குமேல் எல்லாம் உள்ளங்கை அளவான ராஸ்ப்பெரி பை கணினியின் வேலை. எந்த மீடிறனில் எவ்வளவு சத்தி இருக்கிறது என்று பிரித்து, வேண்டாததைப் பூச்சியமாக்கி, மிச்சத்தைத் திரும்பக் குரலாக்குகிறது. பேசும்போது இதே பாதை தலைகீழாக. மென்பொருள் முழுவதும் சீ மொழியில், திறந்தே இருக்கிறது. பிடிக்காத இடத்தை நாமே திருத்தலாம். சாதாரண தரத்துக்கு அலைகளும் மாணவர் செய்திட்டமும் படிப்பிக்கிற எனக்கு இதைவிட நல்ல கற்பித்தல் சாதனம் இன்னும் கிடைக்கவில்லை.

என் மேசையில் கிடப்பது இந்த வழியில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து செய்த பெறும் பகுதி. முதல் தடவை வேலை செய்யவில்லை. வயர் வளையத்தின் ஓட்டைக்குள் ஒரு தடவை போனாலே அது ஒரு சுற்றுக் கணக்கு. நான் வெளியே வளைந்து வந்த பிறகுதான் ஒன்று என்று எண்ணத் தொடங்கினேன். கணிதம் படிப்பிக்கும் நண்பர் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார். அன்ரனாவுக்கு 7.1 மெகாஹேர்ட்ஸில் அரை அலைநீளம் ஏறக்குறைய 20 மீற்றர். பக்கத்துக்குப் பத்துப் பத்தாக இரண்டு பனைகளுக்கு நடுவில் இழுத்துக் கட்டினோம். எல்ஈடி பல்புகளும் சோலார் இன்வேட்டர்களும் கிளப்பும் இரைச்சலை மென்பொருளில் வெட்டப் பார்த்தோம், பாதிதான் போனது. திரையில் பொத்தான்களைத் தமிழாக்கியபோது "கேள்", "பேசு" இரண்டிலும் கொம்பு தனியாகக் கழன்று பின்னால் நின்றது. எழுத்தைக் கோக்கும் பகுதியை மாற்றிய பிறகுதான் சரிவந்தது.

"பேசு" பொத்தான் இப்போதைக்குப் படம் மட்டும்தான். அதற்குப் பின்னால் ஒரு வயரும் இல்லை. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பரீட்சையில் சித்தியடைந்து, உரிமமும் 4எஸ்7 போன்ற அழைப்புக்குறியும் கிடைத்த பிறகுதான் பேசலாம். ஆகவே மகனே, உரிமம் இல்லாமல் பேசினால் பிடிப்பார்கள்தான். எழுதிச் சித்தியடைந்தால் அதே சட்டம் உனக்குப் பேச இடம் தருகிறது. இந்த இரண்டாவது பாதியை எங்கட பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அது ஏன் முக்கியம் என்பதற்கு 2004 டிசம்பர் 26ஐ நினைத்துப் பாருங்கள். சுனாமிக்குப் பிறகு அம்பாந்தோட்டையில் தொலைபேசி செத்துவிட்டது. இலங்கை அமெச்சூர் வானொலிச் சங்கத்தின் விக்டர் குணதிலக்க கொழும்பில் பிரதமரின் அவசர நிலையத்துக்கு ஒரு சிற்றலைக் கருவியைக் கொண்டுபோய் வைத்தார். தோழர்கள் இன்னொன்றோடு அம்பாந்தோட்டைக்குப் போனார்கள். அந்தமானில், உலகத்தோடு பேசிப் பார்க்கவென்று போய் நின்ற பாரதி பிரசாத் என்ற பெண்மணி, வந்த வேலையை நிறுத்திவிட்டுப் போர்ட் பிளேயரில் இருந்து செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தார். வடமராட்சி கிழக்கிலும் கடல் ஏறிய நாள் அது. அங்கே ஒரு ஆசிரியரிடமோ மீனவரிடமோ இப்படி ஒரு பெட்டி இருந்திருக்க வழியே இல்லை.

முந்தநாள் மஃரிபுக்குப் பிறகு 7 மெகாஹேர்ட்ஸில் ஒரு குரல் வாத்து மாதிரிக் கத்தியது. மீடிறனை மெல்ல நகர்த்தினேன், தெளிந்தது. தமிழ்நாட்டில் இருந்து யாரோ, கேட்பவர்கள் யாரும் இருக்கிறீர்களா என்று தமிழில் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் மூன்று பேரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். பக்கத்தில் வாப்பாவும் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

பரீட்சைக்கு நான் படிக்கிறேன். சேர்ந்து படிக்க விருப்பமானவர்கள், பிள்ளைகளோ பெரியவர்களோ ஆணோ பெண்ணோ, உள்பெட்டியில் எழுதுங்கள். வீட்டில் பழைய ரேடியோ, டிவி கிடந்தால் இரும்புக்குப் போடும் முன் எனக்கு ஒரு சொல் சொல்லுங்கள்.