பதினாறு வயதும் முதல் வாக்கும்: ஸ்தல ஸ்தாபனங்களை முன்னிட்டு ஓர் ஆராய்ச்சி

1. வினாவும் துணிபும்

நமது அரசியல் சாசனம் 1950-ஆம் ஆண்டில் அமலுக்கு வந்தபோது, அதன் 326-ஆவது ஷரத்து, படிப்பையும் சொத்தையும் சாதியையும் பாராமல், 21 வயது நிறைந்த பிரஜைகள் அனைவருக்கும் வாக்குரிமை வழங்கிற்று. 1988 டிசம்பரில் பார்லிமெண்டு நிறைவேற்றி, 1989 மார்ச் 28-ஆம் தேதி அமலுக்கு வந்த 61-ஆவது திருத்தம் அந்த வயதை 18 ஆகக் குறைத்தது. அதற்குப் பிறகு ஒரு தலைமுறை கடந்துவிட்டது. இதற்குள் பிற நாடுகள் சில மேலும் ஒரு படி சென்றிருக்கின்றன. பிரேசில் தனது 1988-ஆம் ஆண்டுச் சாசனத்திலேயே 16, 17 வயதினருக்கு விரும்பினால் வாக்களிக்கும் உரிமையை அளித்தது. ஆஸ்திரியா 2007-இல் தேசியத் தேர்தல்களுக்கே வயதை 16 ஆக்கிற்று. அர்ஜென்டினா 2012-இல் அவ்வழியில் சென்றது. ஸ்காட்லாந்து, தன் சுதந்திரத்தைப் பற்றி 2014-இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் அவ்வயதினரைச் சேர்த்துக்கொண்டு, மறு ஆண்டே தன் பார்லிமெண்டுத் தேர்தலுக்கும் ஸ்தலத் தேர்தல்களுக்கும் அந்த உரிமையை நிரந்தரமாக்கிற்று.

இந்த அநுபவங்களைப் பரிசீலித்து நமது நிலைமையோடு பொருத்திப் பார்க்கையில், 16 வயது நிறைந்தோர்க்கு, முதற்படியாக, ஊராட்சி, நகராட்சி முதலிய ஸ்தல ஸ்தாபனத் தேர்தல்களில் வாக்குரிமை அளிப்பதே நியாயம் என்ற முடிவுக்கு நான் வருகிறேன். இளைஞர் முதியோரினும் விவேகம் மிக்கவர் என்று இதற்குக் காரணம் காட்ட வேண்டியதில்லை. ஒருவர் தம் முதல் வாக்கை அளிப்பதற்கு உகந்த காலம், அவர் தம் ஊரிலும் பள்ளியிலும் வீட்டிலும் நிலைத்திருக்கும் காலமே என்பதுதான் இந்த வாதத்தின் ஆதாரம்.

2. வயதெல்லையின் இயல்பு

வயதெல்லை இயற்கை வகுத்த ஒரு கோடு என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். உத்திரமேரூர்க் கோயிற் சுவரிலுள்ள முதற் பராந்தக சோழன் காலத்துச் சாசனங்கள் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பவர் அவ்வாறு எண்ண மாட்டார். 919-ஆம் ஆண்டைச் சேர்ந்த முதற் சாசனம், குடவோலையில் பெயர் எழுதப்படுவதற்குத் தகுதியுடையோர் 30 வயதுக்கு மேல் 60-க்கு உட்பட்டிருக்க வேண்டும் என்று விதிக்க, இரண்டே ஆண்டுகளுக்குப் பின் பொறிக்கப்பட்ட மற்றொன்று 35-க்கு மேல் 70-க்குள் என்று அதனை மாற்றி வகுத்தது. அவ்வூர்ச் சபையோர் தம் அநுபவத்தைக் கொண்டு எல்லையை நிருணயித்தனர். அநுபவம் வேறு விதமாக உணர்த்தியபோது தயங்காமல் திருத்தினர்.

அச்சாசனங்கள் கூறுவது பதவிக்குரிய வயது. நாம் ஆராய்வது தேர்ந்தெடுப்போர்க்குரிய வயது. இவ்விரண்டையும் வேறுபடுத்தி உணர்தல் இன்றியமையாதது. நமது சாசனமே மக்களவை உறுப்பினருக்கு 25 வயதையும், மாநிலங்களவை உறுப்பினருக்கு 30 வயதையும், குடியரசுத் தலைவருக்கு 35 வயதையும், ஊராட்சி வேட்பாளருக்கு 21 வயதையும் விதித்திருக்கிறது. ஆளும் பொறுப்பை ஏற்பதற்கு வேண்டிய பக்குவம் வேறு, தன்னை ஆள்வோர் யாவர் என்று அபிப்பிராயம் கூறுவதற்கு வேண்டிய பக்குவம் வேறு என்பதை ஒப்புக்கொண்ட பிறகுதான் இத்தனை படிகள் ஏற்பட்டிருக்க முடியும்.

18 என்ற எல்லைகூட நடைமுறையில் நெகிழ்ந்தே வந்திருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்வரை வாக்காளர் பட்டியலுக்கு ஜனவரி முதல் தேதி ஒன்றே தகுதித் தேதியாக இருந்ததால், ஜனவரி 1-இல் 18 வயது நிறைந்தவர் அவ்வாண்டே பட்டியலில் இடம்பெற, அதற்கு மறுநாள் நிறைந்தவர் ஏறக்குறைய ஓராண்டு காலம் காத்திருக்க நேர்ந்தது. 2021-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதிகள் நான்கையும் தகுதித் தேதிகளாக்கி அக்குறையைப் பெரிதும் நீக்கிற்று. 17 வயது நிறைந்தவர் முன்கூட்டியே மனுச் செய்துகொள்ளவும் தேர்தல் ஆணையம் வழி செய்திருக்கிறது.

3. பக்குவம் என்னும் பிரமாணம்

16 வயதினருக்கு அரசியல் விவகாரங்களைச் சீர்தூக்கும் பக்குவம் உண்டா என்பதே பெரும்பாலோர் முதலில் எழுப்பும் ஆக்ஷேபம். உளநூலறிஞர் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் அவருடன் உழைத்தவர்களும், இந்தியா உள்ளிட்ட 11 நாடுகளில் 5,000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு ஒரு தெளிவைத் தருகிறது. ஆவேசமும் தோழர்களின் தூண்டுதலும் சூழ்ந்த வேளையில் தன்னை அடக்கியாளும் திறன் இருபது வயதுக்குப் பிறகும் வளர்ந்துகொண்டே போகிறது. ஆனால் அவகாசம் எடுத்துக்கொண்டு செய்திகளைத் திரட்டி ஆலோசித்து முடிவு செய்யும் அறிவுத்திறனோ 16 வயதளவில் பெரியவர்களின் நிலையை எட்டிவிடுகிறது. வாக்களித்தல் எவ்வகையைச் சேர்ந்தது? வாரக்கணக்கில் பிரசாரம் நடந்து, பின் அது ஓய்ந்து, தனியே ஒரு மறைப்புக்குள் நின்று செய்யும் செயலாதலின் அது இரண்டாம் வகையினதே.

அறிவுக்குப் பரீட்சை வைக்க விரும்புவோர், நமது குடியரசு எந்த நம்பிக்கையின் மேல் எழுந்தது என்பதையும் நினைவுகூர வேண்டும். 1951–52-இல் நடந்த முதற் பொதுத் தேர்தலில் பதிவான ஏறத்தாழ 17 கோடி வாக்காளர்களுள் மிகப் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். அவர்களிடம் வாக்கை ஒப்படைப்பது அபாயம் என்று அஞ்சியவர் பலர் இருந்தும், அரசியல் நிருணய சபையில் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் போன்றோர் சாமானிய மனிதனிடம் வைத்த பூரண நம்பிக்கையையே வயதுவந்தோர் வாக்குரிமைக்கு ஆதாரமாகக் காட்டினர். எழுத்தறியாதவரிடம் அந்நாளில் வைத்த நம்பிக்கையை, பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வை எழுதி முடித்து, குடிமையியல் பாடத்தில் சாசனத்தின் அமைப்பையே கற்றுத் தேர்ந்த மாணவியிடம் வைக்க மறுப்பதற்கு நியாயமான காரணம் எதுவும் புலப்படவில்லை.

4. முதல் வாக்கும் சொந்த ஊரும்

இனி எனது பிரதான வாதத்துக்கு வருகிறேன். வாக்களித்தல் பெரும்பாலும் ஒரு பழக்கம்; முதல் தேர்தல்களில் வாக்களித்தவர் பின்னும் வாக்களிக்கிறார், முதலில் தவறவிட்டவர் பின்னும் தவறவிடுகிறார். அரசியல் நூலறிஞர் மார்க் ஃபிராங்க்ளின் 2004-இல் வெளியிட்ட தம் நூலில், பல நாடுகளில் வயது 21-இலிருந்து 18 ஆகக் குறைந்தபின் வாக்களிப்போர் வீதம் சரிந்தமைக்குக் காரணம் தேடுகையில், 18 வயது முதல் வாக்குக்குப் பொருந்தாத வயது என்பதை எடுத்துக்காட்டினார். அதுவே பலர் பெற்றோரையும் பள்ளியையும் பிரிந்து புதிய இடங்களில் தத்தளிக்கும் பருவம். ஆஸ்திரியாவில் வியன்னா, கிரெம்ஸ் ஆகிய இடங்களின் தேர்தல் பதிவேடுகளை ஆராய்ந்தவர்கள், 16, 17 வயதினர் 18 முதல் 20 வரையுள்ளவர்களைக் காட்டிலும் அதிகமாக வாக்களித்திருப்பதைக் கண்டனர். ஸ்காட்லாந்தின் 2014 வாக்கெடுப்புக்குப் பின் பிரிட்டிஷ் தேர்தல் ஆணையம் நடத்திய விசாரணையில், 16, 17 வயதினருள் 75 சதவீதத்தினரும், 18 முதல் 24 வயது வரையுள்ளோருள் 54 சதவீதத்தினரும் தாம் வாக்களித்ததாகக் கூறினர்.

நமது நாட்டில் இந்த வாதம் இன்னும் வலுப்பெறுகிறது. மேல்நிலைப் பள்ளியில் பயிலும் பையன் தன் ஊரிலே உறங்கி எழுகிறான். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி விடுதிக்கோ, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கோ போய்விடுகிறான். அவன் பெயர் சொந்த ஊர்ப் பட்டியலிலும் உடல் அயலூரிலும் இருக்க, படிப்பின் பொருட்டு வெளியூர் சென்றவர்க்குத் தபால் வாக்கும் இல்லாமையால், ஒரு வாக்குக்காக ஒரு நாள் கூலியையும் பஸ் கட்டணத்தையும் இழக்க வேண்டியவனாகிறான். இவ்வளவு இடையூறுகளுக்கு நடுவே அவனுக்கு முதன்முதலாக அந்த உரிமையை நீட்டுகிறோம். நாற்றங்காலிலே வேர் பிடித்த பயிர்தான் பிடுங்கி நட்ட வயலிலும் தழைக்கும். வாக்களிக்கும் பழக்கமும் அத்தகையதே.

ஸ்தல ஸ்தாபனத்தின் அலுவல்களோ இவ்வயதினரின் அன்றாட வாழ்வையே தொடுவன. குடிநீர்க் குழாயில் தண்ணீர் வரும் வேளை, எரியாத தெருவிளக்கு, மழைக்காலத்தில் பள்ளிக்குச் செல்லும் மண்சாலை, விளையாட்டு மைதானம், நூலகம் ஆகிய இவற்றின் குறைநிறைகளை அவர்களைவிட நன்கு அறிந்தவர் ஊரில் சிலரே. மே தினத்தன்றோ காந்தி ஜயந்தியன்றோ கூடும் கிராம சபையில் வரவுசெலவுக் கணக்கு படிக்கப்படும்போது, மாலை வகுப்பு முடிந்து இருட்டில் வீடு திரும்பும் பதினோராம் வகுப்பு மாணவி ஓரத்தில் நின்று, எந்தத் தெருவில் எந்தக் கம்பத்தின் விளக்கு எத்தனை நாளாக எரியவில்லை என்று சொல்லக்கூடும். ஆயினும் வாக்காளர் பட்டியலில் பெயருள்ளோரே கிராம சபையின் அங்கத்தினர் என்று சாசனத்தின் 243-ஆவது ஷரத்து வரையறுத்திருப்பதால், தீர்மானப் புத்தகத்தில் கையொப்பமிட அவளுக்கு உரிமையில்லை. ஊரின் குறையைக் கண்கூடாக அறிந்தவருக்கு அதைப் பற்றித் தீர்மானிக்க உரிமை இல்லாதிருப்பது ஊருக்கே நஷ்டம்.

5. ஆக்ஷேபங்களும் சமாதானமும்

இவ்வயதினர் பெற்றோர் சொல்லும் சின்னத்துக்கே வாக்களிப்பர் என்பது ஓர் ஆக்ஷேபம். சொத்துத் தகுதியுடைய பெண்களுக்கு 1921-இல் சென்னை மாகாணம் வாக்குரிமை வழங்கிய அக்காலத்திலும், அவர்கள் கணவர் சொற்படியே நடப்பர் என்ற வாதம் இதே உருவில் எழுந்ததுண்டு. ஸ்காட்லாந்தில் வாக்கெடுப்புக்கு முன் இளைஞரையும் அவர்தம் பெற்றோரில் ஒருவரையும் விசாரித்த ஆராய்ச்சியாளர்கள், பத்தில் நான்கு பேருக்கு மேற்பட்ட இளைஞரின் எண்ணம் பெற்றோரின் எண்ணத்தோடு ஒத்திருக்கவில்லை என்று கண்டனர். வாக்கு இரகசியமானது; அந்த இரகசியமே எளியோரின் காப்பு.

வாக்குக்குப் பணம் கொடுக்கும் கொடிய வழக்கம் இளைஞரையும் கெடுத்துவிடும், கட்சிகள் பள்ளிக்குள் நுழைந்துவிடும் என்ற அச்சம் இதனினும் கனமானது; அதை நான் இலேசாகக் கருதவில்லை. ஆனால் அந்தப் பணம் இன்றும் இவர்கள் வீட்டு வாசலில்தான் எண்ணப்படுகிறது. அதைக் கண்ணால் கண்டும், அது தவறு என்று யோசிப்பதற்குரிய சந்தர்ப்பமின்றி அவர்கள் 18 வயதை எட்டுகிறார்கள். பள்ளி வளாகத்தில் பிரசாரத்தைத் தடுக்கும் கண்டிப்பான விதியும், வகுப்பறையில் பட்சபாதமற்ற அரசியற் கல்வியும் சேர்ந்தே இச்சீர்திருத்தம் வர வேண்டும். ஆஸ்திரியாவில் வயதைக் குறைத்தபோது பள்ளிகளில் அரசியற் கல்வியையும் விரிவாக்கினர்.

ஒப்பந்தம், பெண்களின் திருமணம் முதலியவற்றுக்கு 18 என்ற எல்லை இருக்க, வாக்குக்கு மட்டும் ஏன் விலக்கு என்று கேட்பாரும் உளர். அவ்வெல்லைகள், தனியாக எடுக்கும் முடிவினால் விளையும் தீங்கிலிருந்து இளைஞரைக் காப்பதற்காக ஏற்பட்டவை. வாக்கோ ஆயிரக்கணக்கான பிறர் வாக்குகளோடு சேர்ந்தே பயன் தருவது. அதனை அளிப்பதால் இளைஞருக்குத் தீங்கொன்றும் நேராது. மேலும், 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம், 16 வயது நிறைந்தவர்மீது மிகக் கொடிய குற்றம் சாட்டப்படுமாயின், அவரது மனப்பக்குவத்தை மதிப்பிட்ட பின் பெரியவராகவே விசாரிக்கவும் இடமளித்திருக்கிறது. தண்டனைக்குப் பக்குவம் உண்டு என்று கருத இடமளிக்கும் ராஜ்யம், உரிமைக்குப் பக்குவமே இல்லை என்று அடியோடு மறுப்பது தர்மமாகாது.

6. செய்யத்தக்கது

இதற்குச் சாசனத்தைத் திருத்த வேண்டிய அவசியம்கூட இல்லை என்பது என் கருத்து. 326-ஆவது ஷரத்து மக்களவைக்கும் சட்டசபைகளுக்குமே வாக்காளர் வயதை விதிக்கிறது. ஊராட்சிகளைப் பற்றிய ஒன்பதாம் பகுதி வேட்பாளர் வயதைக் கூறுகிறதேயன்றி வாக்காளர் வயதைக் கூறாமல், தேர்தல் சம்பந்தமான விஷயங்களை மாநிலச் சட்டசபையின் பொறுப்பில் விட்டிருக்கிறது. ஆகவே தமிழ்நாட்டுச் சட்டசபை 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டத்தைத் திருத்தி, 16 முதல் 18 வரையுள்ளோர்க்கு மாநிலத் தேர்தல் ஆணையம் ஒரு துணைப் பட்டியல் தயாரிக்க வகை செய்யலாம். ஐந்தாண்டுப் பதவிக்காலம் ஒன்று முடிந்தபின் வாக்களித்தோர் வீதத்தையும் கிராம சபை வருகையையும் ஒப்பிட்டு, பயன் கண்டால் நகர்ப்புறங்களுக்கு விரிக்கலாம். காணாவிடில், உத்திரமேரூர்ச் சபையார் செய்தது போல் திருத்திக்கொள்ளலாம்.

நமது ஜனநாயகம் ஒவ்வொரு முறையும், இன்னும் தகுதி பெறவில்லை என்று சொல்லப்பட்டவர்களை நம்பியே விரிந்திருக்கிறது. உரிமையைக் கையாண்டுதான் அவர்கள் தகுதியையும் நிலைநாட்டினர். 16 வயதினர் விஷயத்தில் அந்த நம்பிக்கையைச் சிறிய அளவில், அவரவர் ஊரிலேயே, திருத்தத்துக்கு இடம் வைத்துச் சோதித்துப் பார்க்க இன்று நமக்கு வழி திறந்திருக்கிறது. சட்டசபை அவ்வழியில் முதலடி எடுத்து வைக்க வேண்டும்.